ஓய்வுக்கும் உச்ச விலையா?

(இராசபாளையத்தில் ஞாயிறு மாலை நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

திருவில்லிபுத்தூரிலிருந்தும் சத்திரப்பட்டியிலிருந்தும் வந்து குழுமியிருக்கும் தோழர்களே! இரவு முறை வேலைக்குச் செல்லுமுன் அரை மணி நேரம் கேட்டுவிட்டுப் போவோம் என்று மிதிவண்டியைப் பிடித்தபடியே நிற்கும் ஆலைத் தொழிலாளத் தோழர்களே! உறங்கிவிட்ட பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, விழித்த கண்ணோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

இன்று நான் ஆட்சி மாற்றம்பற்றிப் பேச வரவில்லை. அடுத்த தேர்தலைப்பற்றிப் பேச வரவில்லை. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு துண்டுத் தாளைப்பற்றிப் பேச வந்திருக்கிறேன். நுழைவுச்சீட்டு! ஆம், கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச்சீட்டு!

"இதுவா அரசியல்? அரிசி விலையைப் பேசு, பருத்தி விலையைப் பேசு, நூல் விலையைப் பேசு. ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் மேடை எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு ஒரு சிறு காட்சியை மட்டும் காட்டுகிறேன். நாடகம் எழுதிப் பழகியவன் அல்லவா? காட்சி இல்லாமல் எனக்குப் பேச்சு வராது.

இடம்: பேருந்து நிலையம். காலம்: கோடை விடுமுறை. தந்தை ஒருவர், பத்து வயதுச் சிறுவன் ஒருவன்.

"அப்பா! தேர்வு முடிந்துவிட்டது. பூங்காவுக்கு எப்போது போகலாம்?"

"இப்போது விலை ஏறியிருக்கிறதடா. இறங்கட்டும், போகலாம்."

"எப்போது இறங்கும்?"

தந்தை சற்றுத் தயங்குகிறார். பிறகு உண்மையைச் சொல்லிவிடுகிறார்: "பள்ளிக்கூடம் திறந்ததும்!"

திரை விழுகிறது, தோழர்களே! சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டுச் சிந்தியுங்கள். பிள்ளைக்கு ஓய்வு இருக்கும்போது விலை உயரத்தில் இருக்கிறது. விலை தரைக்கு வரும்போது பிள்ளை வகுப்பறையில் இருக்கிறான். இந்த ஏற்பாட்டுக்குத்தான் பருவ விலை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

டாலர் நாட்டில் பிறந்த கணக்கு

இந்தக் கணக்கு எங்கே வளர்ந்தது? அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 1955 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அன்று பெரியவர் ஒருவர் உள்ளே நுழைய ஒரு டாலர். உள்ளே ஏறிச் சுற்றும் ஒவ்வொன்றுக்கும் தனிச்சீட்டு. திங்கட்கிழமை வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் வாசலில் விலை ஒன்றுதான்.

2016 ஆம் ஆண்டு அந்த முறை மாறியது. ஒரு நாள் சீட்டை மூன்று படிகளாக்கினார்கள். கூட்டம் குறைந்த நாளில் 95 டாலர், நடுத்தர நாளில் 105 டாலர், விடுமுறை நெரிசலில் 119 டாலர். படிகள் பிறகு பெருகின. 2024 அக்டோபரில் அறிவித்த பட்டியலில், மிகக் குறைந்த நாளுக்கு 104 டாலர். மிக உயர்ந்த நாளுக்கு 206 டாலர். ஒரே வாசல், ஒரே வண்டி, ஒரே பொம்மை. நாள் மாறினால் விலை ஏறத்தாழ இரட்டிப்பு!

அது அமெரிக்கா, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? நம் நாட்டிலும் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றில் வாரநாளுக்கு ஒரு விலை, வார இறுதிக்கு ஒரு விலை, விடுமுறைக் காலத்துக்கு ஒரு விலை என்று பட்டியல் போடுகிறார்கள். மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே இள்ளலூரில் 2025 டிசம்பரில் ஒரு பெரும் பூங்கா திறக்கப்பட்டிருக்கிறது. தொலைக்காட்சியில் விளம்பரம் வருகிறது. கைப்பேசியில் படம் வருகிறது. நம் வீட்டுப் பிள்ளையின் கண்ணில் ஆசை வருகிறது. அந்த ஆசையைக் குற்றம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆலைத் தொழிலாளியின் ஏடு

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பொருளாதாரத்தில் பட்டம் பெற்றவன் அல்லன். ஆனால் கூட்டலும் பெருக்கலும் தெரியும். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: சாதாரண நாளில் சீட்டு ஆயிரம் ரூபாய், விடுமுறை நாளில் ஆயிரத்து முந்நூறு. கணவன், மனைவி, மக்கள் இருவர். நான்கு பேருக்கு நாலாயிரம், ஐயாயிரத்து இருநூறாகிறது. கூடுதல் ஆயிரத்து இருநூறு. நாள் கூலி அறுநூறு பெறுபவருக்கு அது இரண்டு நாள் உழைப்பு. அந்த இரண்டு நாள் உழைப்புக்கு ஈடாக அவர் பெற்றது என்ன? கூடுதலாக ஓர் ஊஞ்சலா? இல்லை. நீளமான வரிசை! அதிக விலை கொடுத்தவர் அதிக நேரம் நிற்கிறார்; குறைந்த விலை கொடுத்தவர் நின்ற இடத்திலேயே ஏறிப் போகிறார். இந்த வணிகத்தை நம் ஊர்ச் சந்தையில் காய்கறி விற்கும் மூதாட்டியிடம் சொன்னால், "இது என்ன நியாயம், தம்பி?" என்று கேட்பாள்.

வாசலில் இன்னொரு காட்சி. பல பூங்காக்களில் பிள்ளையின் உயரத்தைப் பார்த்துக் கட்டணம் வைக்கிறார்கள். சுவரில் கோடு, கோட்டுக்குக் கீழே இருந்தால் குறைந்த விலை, மேலே போனால் முழு விலை. "நிமிர்ந்து நில்லடா! எவனுக்கும் குனியாதே!" என்று சொல்லிப் பிள்ளையை வளர்த்தவர் நம் தோழர். அந்தக் கோட்டின் அருகில் வந்ததும், பிள்ளையின் தோளை மெல்ல அழுத்தி, "கொஞ்சம் குனிந்து நில்" என்கிறார். தன்மான இயக்கத்தின் பிள்ளைகளே! அந்தத் தந்தையைப் பழிக்காதீர்கள். அவரை அப்படிச் சொல்லவைத்த கணக்கைப் பாருங்கள்.

எதிர்த் தரப்பின் வாதம்

வழக்கு என்றால் இரு தரப்பையும் கேட்கவேண்டும். பூங்கா நடத்துவோர் சொல்வது இது: "எங்கள் பொறிகள் ஆண்டு முழுதும் ஓடவேண்டும். ஆள் வராத நாளிலும் மின்கட்டணம் உண்டு, காவலருக்கு ஊதியம் உண்டு, நீரைத் தூய்மை செய்யும் செலவு உண்டு. கூட்டமெல்லாம் ஒரே நாளில் வந்தால் நெரிசல். நெரிசல் வந்தால் ஆபத்து. விலையைச் சற்று உயர்த்தினால் சிலர் வேறு நாளுக்குப் போவார்கள். விலையைக் குறைத்தால் வெறுமையான நாளில் ஏழையும் வரலாம்."

இதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வெறுமையான நாளில் விலையைக் குறைப்பது குற்றமன்று, வரவேற்கிறேன். பொறியைப் பழுது பார்க்கவும் ஆளுக்கு ஊதியம் கொடுக்கவும் பணம் வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். விலையில் அரசின் பங்கும் இருக்கிறது என்பதை மறைக்கமாட்டேன். 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது கேளிக்கைப் பூங்காவுக்கு 28 விழுக்காடு போட்டார்கள். 2018 சனவரியில்தான் அதை 18 ஆகக் குறைத்தார்கள்.

ஆனால் அவர்களின் வாதத்தில் ஒரு சொல் இருக்கிறது. "வேறு நாளுக்குப் போவார்கள்." யார் போவார்கள்? எந்த நாளுக்குப் போவார்கள்?

தன் கடையைத் தானே பூட்டித் திறக்கும் முதலாளி செவ்வாய்க்கிழமை போவார். கைக்குழந்தையை வைத்திருக்கும் செல்வர் வீட்டார் புதன்கிழமை போவார்கள். நூற்பாலையில் முறை வேலை பார்க்கும் தோழர் எப்போது போவார்? 1958 இல் நம் மாநிலத்தில் பிறந்து, பிறகு திருத்தப்பட்ட சட்டம் தொழிலாளிக்கு ஆண்டில் ஒன்பது விடுமுறையை உறுதி செய்தது: குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியார் பிறந்த நாள், அவற்றோடு பண்டிகை நாள் ஐந்து. அந்த ஒன்பதும் விலைப்பட்டியலில் எந்தப் படியில் இருக்கின்றன என்று பாருங்கள். உச்சிப் படியில்! பள்ளியின் நாட்காட்டியை அரசு எழுதுகிறது. ஆலையின் நாட்காட்டியை நிருவாகம் எழுதுகிறது. தன் நாளைத் தானே தேர்ந்தெடுக்க முடியாதவனிடம், "நீ தேர்ந்தெடுத்த நாளுக்கு விலை அதிகம்" என்பது என்ன முறை?

நாளை மாற்ற முடிந்தவனுக்குச் சலுகை. மாற்ற முடியாதவனுக்குத் தண்டம். இதுதான் பருவ விலையின் உள்ளடக்கம்.

தரையும் பெஞ்சும்

"அந்தக் காலத்துக் கொட்டகையிலும் தரைக்கு ஒரு விலை, பெஞ்சுக்கு ஒரு விலை, நாற்காலிக்கு ஒரு விலை இருந்ததே; அதுவும் படி விலைதானே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. என் தந்தையார் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து படம் பார்த்த கதையை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். அங்கே விலை மாறினால் இருக்கை மாறியது. மணலில் இருந்தவனும் நாற்காலியில் இருந்தவனும் அதே மாலையில் அதே படத்தைப் பார்த்தார்கள். தரை டிக்கெட் வைத்திருந்தவனிடம், "இன்று பொங்கல், நீ கூட்டம் இல்லாத நாளில் வா" என்று எவரும் சொல்லவில்லை.

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். என் குற்றம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் நாடகக் குழு ஒரு பொங்கல் விடுமுறையில் நாடகம் போட்டது. ஒளி அமைப்புக்குக் கடன், மேடைக்கு வாடகை, முந்தைய இரண்டு ஊர்களில் நட்டம். "பண்டிகை நாள்; இரண்டு மடங்கு வைத்தாலும் வருவார்கள்" என்று ஒருவர் சொன்னார். நானும் தலையசைத்தேன். வந்தார்கள், அரங்கு நிறைந்தது. இடைவேளையில் வெளியே வந்தேன். படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டையில் பஞ்சுத் துகள். "ஏன் ஐயா உள்ளே வரவில்லை?" என்று கேட்டேன். "வீட்டிலும் பிள்ளைகளும் உள்ளே இருக்கிறார்கள். மூன்று சீட்டுக்குத்தான் காசு சரியாக இருந்தது. எனக்கு இங்கேயே வசனம் கேட்கிறது" என்றார்.

உள்ளே என் கதாநாயகன் எதைப்பற்றி வசனம் பேசிக்கொண்டிருந்தான் தெரியுமா, தோழர்களே? சமத்துவத்தைப்பற்றி!

அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். போனபிறகும் என் நெஞ்சிலே அவர் படிக்கட்டில்தான் இருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் நாடகத்துக்குப் பண்டிகை விலை கிடையாது. கடன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது வேறு கதை. பூங்காக்காரரைப் பார்த்து நான் விரலை நீட்டும்போது, மற்ற விரல்கள் என்னை நோக்கி இருக்கின்றன என்பது தெரிந்தே பேசுகிறேன்.

அருவிக்குச் சீட்டு இல்லை; அறைக்கு?

நம் ஊருக்குத் தெற்கே, தென்காசியைத் தாண்டினால் குற்றாலம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று மலை தன் கையால் வாரி வழங்கும் இடம். சூன் முதல் ஆகத்து வரை அங்கே சீசன். பள்ளிகள் திறப்பதும் சூன் திங்களில்தான்! பிள்ளைக்கு விடுமுறை இருக்கும்போது பாறை காய்ந்து கிடக்கிறது. பாறையில் நீர் பாயும்போது பிள்ளை பாடம் படிக்கிறான். எனவே எல்லாக் குடும்பங்களும் சனி, ஞாயிறு என்ற இரண்டே நாளுக்குள் குவிகின்றன. விடுதி அறையின் வாடகை சாரலுக்கு மேலே பறக்கிறது. நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? விடியுமுன் புளிச்சோறு கட்டிக்கொண்டு, முதல் பேருந்தில் ஏறி, குளித்துவிட்டு, இரவே திரும்பிவிடுகிறார்கள். ஏன் முடிகிறது? அரசுப் பேருந்தின் கட்டணம் சீசனைப் பார்த்து ஏறுவதில்லை. 2018 இல் புறநகர்ப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசு என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கட்டண உயர்வை அன்று எதிர்த்தவர்கள் உண்டு. ஆனால் அந்த 58 காசு, பொங்கலன்று ஒரு ரூபாயாக மாறியதில்லை.

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து ஊர் திரும்பும் பிள்ளையைக் கேளுங்கள். பொதிகை விரைவு வண்டியில் படுக்கை கிடைத்தால் வழக்கமான கட்டணத்தில் திருவில்லிபுத்தூரில் இறங்குகிறான். கிடைக்காவிட்டால் தனியார் ஆம்னிப் பேருந்தில் ஏறி, பலகாரத்துக்கு வைத்திருந்த பணத்தையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இறங்குகிறான்.

இரயில்வேயும் இந்தச் சூதாட்டத்தை ஆடிப் பார்த்தது. 2016 செப்டம்பரில் இராசதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில், பத்து விழுக்காடு இடம் விற்க விற்கக் கட்டணம் பத்து விழுக்காடு ஏறும் முறையைக் கொண்டுவந்தார்கள். சில வகுப்புகளில் ஒன்றரை மடங்குவரை ஏறியது. 2018 இல் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை வெளிவந்தது. வருவாய் கூடியது, பயணிகள் குறைந்தனர் என்று அது எடுத்துரைத்தது. அதே ஆண்டின் இறுதியில் பதினைந்து வண்டிகளில் அந்த முறையைக் கைவிட்டார்கள். பெட்டி காலியாக ஓடினாலும் பணப்பெட்டி நிறைந்தால் போதும் என்ற கணக்கு, அந்தப் பதினைந்து வண்டிகளில் நிற்கவில்லை.

1936: இரண்டு செய்திகள்

1936 ஆம் ஆண்டு நம் ஊர் வரலாற்றில் பொறிக்கப்பட்ட ஆண்டு. பி.ஏ.சி. இராமசாமி ராசா இராசபாளையம் மில்லை நிறுவிய ஆண்டு அது. அதே 1936 இல், பிரெஞ்சு நாட்டில் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள் அமர்ந்து போராடினார்கள். லியோன் புளூம் அமைத்த மக்கள் முன்னணி அரசு, தொழிலாளிக்கு ஆண்டில் இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுமுறை என்று சட்டம் செய்தது. அதோடு நிற்கவில்லை. விடுமுறையைக் கொடுத்ததோடு, போக வழியும் தேடினார், ஓய்வுத் துறையைக் கவனித்த லியோ லக்ராஞ்சு. விடுமுறைப் பயணத்துக்கு இரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு தள்ளுபடி! கடற்கரைக்கு அருகே வாழ்ந்தும் கடலைக் காணாதவர் அல்லர் நாம். ஆனால் அந்த நாட்டுத் தொழிலாளர் பலர் அந்தக் கோடையில்தான் முதன்முதலாகக் கடலைக் கண்டனர். ஆகத்துத் திங்களில், விடுமுறையின் நடுவில், நெரிசல் மிகுந்த நாளில், தொழிலாளிக்கு விலையைக் குறைத்தார்கள். ஏற்றவில்லை, குறைத்தார்கள்!

1948 இல் நம் நாட்டில் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், இருபது நாள் உழைத்தால் ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு என்றது. அதே 1948 டிசம்பர் 10 ஆம் நாள், ஐ.நா. மன்றம் வெளியிட்ட மனித உரிமைப் பேரறிக்கையின் 24 ஆம் பிரிவு, ஓய்வும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் ஒவ்வொருவரின் உரிமை என்று முழங்கியது. பேச்சுரிமைக்கு இடம் கொடுத்த அதே ஏட்டில் ஓய்வுரிமைக்கும் இடம் கொடுத்தார்கள்.

தோழர்களே! ஒரு காலத்தில் இந்த மண்ணில் கோயில் கதவு பிறப்பைக் கேட்டுத் திறந்தது. 1939 இல் மதுரையில் அந்தக் கதவு திறந்தது. 1947 இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது. இன்று எந்தப் பூங்காவின் கதவும் "நீ என்ன சாதி?" என்று கேட்பதில்லை. மகிழ்ச்சி! ஆனால், "உனக்கு எந்தக் கிழமை ஓய்வு?" என்று கேட்கிறது. பதிலைக் கேட்டுவிட்டு விலையைச் சொல்கிறது.

நாம் கேட்பது என்ன?

பூங்காவை மூடு என்று நாம் கேட்கவில்லை. நான்கு வேண்டுகோள் வைக்கிறோம்.

ஒன்று: ஆண்டின் எந்த நாளுக்கு எந்த விலை என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே, தமிழில், வாசலிலும் விளம்பரத்திலும் எழுதி வையுங்கள். "இத்தனை ரூபாய் முதல்" என்ற சொல்லில் ஒளிந்துகொள்ளாதீர்கள். சிறுகச் சிறுகச் சேர்க்கும் குடும்பத்துக்கு முன்கூட்டித் தெரிந்த விலையே பாதி உதவி.

இரண்டு: உச்ச விலைக்கு ஒரு வரம்பு வேண்டும். திரையரங்குக்கு வரம்பு வைத்த மாநிலம் இது. 1955 ஆம் ஆண்டின் திரையரங்குச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 2017 இல் பல்திரை அரங்குக்கு அதிகமாகப் போனால் 150 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. வரம்பை மீறுகிறார்கள் என்ற முறையீடு உண்டு. முறையிட ஒரு வரம்பாவது இருக்கிறது. பூங்காவுக்கு, சாதாரண நாளின் விலைக்கு மேல் இத்தனை பங்குதான் ஏறலாம் என்று ஏன் சொல்லக்கூடாது?

மூன்று: விடுமுறைக் காலத்திலேயே, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களை அழைத்து வரும் பெற்றோருக்கும் சில நாட்களைச் சாதாரண விலையில் ஒதுக்குங்கள்.

நான்கு: நெரிசல்தான் கவலை என்றால் நாட்காட்டியைத் தொடுங்கள். செருமனியில் மாநிலத்துக்கு மாநிலம் கோடை விடுமுறை வேறு நாளில் தொடங்குகிறது. பிரான்சில் குளிர்கால விடுமுறையையும் வசந்தகால விடுமுறையையும் மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். கூட்டத்தைப் பிரிக்க விலை ஒன்றுதான் கருவி என்று எவர் சொன்னார்?

அரசை மட்டும் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்கலாமா? கூடாது. கிளைக்கு ஒரு பயணக் கூட்டுச்சீட்டு தொடங்குங்கள். மாதம் இருநூறு, முந்நூறு என்று சேருங்கள். தனியாகப் போகிறவனுக்கு இல்லாத சலுகை, ஐம்பது பேராகப் போகிறவனுக்குக் கிடைக்கும். பேரம் பேசும் வலிமை கூட்டத்துக்குத்தான் உண்டு என்பது சங்கம் வைத்த ஆலைத் தொழிலாளிக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல் அணை இருக்கிறது; சாம்பல்நிற அணில் தாவும் செண்பகத்தோப்பு இருக்கிறது. வனத்துறை அனுமதிக்கும் இடத்துக்கு, அனுமதிக்கும் நேரத்தில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். நகராட்சிப் பூங்காவில் உடைந்த ஊஞ்சல் கிடந்தால், சங்கிலி மாட்டும்வரை மனுக் கொடுங்கள். சீட்டு இல்லாத ஊஞ்சல் ஊருக்கு ஊர் ஆடுமானால், சீட்டு வைத்த ஊஞ்சலின் விலை தானே சற்று இறங்கும்.

சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணி, எங்கெங்கோ இருக்கும் மனிதர்களின் புண்ணை ஆற்றுகிறது. இராசபாளையத்தில் நூற்கும் நூல் எங்கெங்கோ ஆடையாகிறது. அந்தக் கைகள் ஆண்டில் ஒரு நாள், தம் பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசலில் நிற்கின்றன. அந்த ஒரு நாளுக்குத் தண்டம் விதிக்காதீர்கள் என்று கேட்பது பேராசையா?

அடுத்த கோடையில் அந்தச் சிறுவன் மீண்டும் கேட்பான், "அப்பா, எப்போது போகலாம்?" என்று. "பள்ளிக்கூடம் திறந்ததும்" என்று எந்தத் தந்தையும் சொல்லவேண்டாத நிலையை உருவாக்குவோம். இரவு முறைக்குச் சங்கு ஊதும் நேரம் ஆகிவிட்டது. வேலைக்குப் போகும் தோழர்களை இனியும் நிறுத்திவைப்பது முறையன்று.